9. நெய்த சேலை, நெய்த ஊர்: எச்சத்தின் வழியே ஆங்கிலப் பார்ட்டிசிப்பிள்

"அப்பா நெய்த சேலை." காஞ்சிபுரத்திலோ வாலாஜாபாத்திலோ தறி உள்ள வீட்டுப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் இந்தத் தொடரைத் தடுமாறாமல் சொல்வார்கள். இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் "மை ஃபாதர் வோவன் ஸாரி" என்பார். இன்னொருவர் "தி ஸாரி வோவ் பை மை ஃபாதர்" என்பார். மூன்றாமவர் "மை ஃபாதர் வீவிங் ஸாரி" என்பார். மூன்றும் பிழை. சரியான தொடர்: "தி ஸாரி வோவன் பை மை ஃபாதர்."

மூவருக்கும் சொற்கள் தெரியும். தமிழ் எச்சம் வேலை செய்யும் விதத்திலேயே ஆங்கிலமும் வேலை செய்யும் என்று நம்பியதுதான் அவர்களை இடறவைத்தது. ஆகவே இந்த அத்தியாயத்தில் உங்கள் தமிழ் எச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். அது எந்த இடம்வரை துணைக்கு வரும், எந்த இடத்தில் வழி பிரியும் என்று தெரிந்துகொண்டால், பள்ளித் தேர்வில் வாக்கியத்தை மாற்றி எழுதுவதும், சேலைக்கு ஆங்கிலத்தில் விவரச் சீட்டு எழுதுவதும், கோயிலுக்கு வரும் வெளிநாட்டவருக்கு விளக்கம் சொல்வதும் எளிதாகிவிடும்.

படிக்கும் முறை இது: ஆங்கில வாக்கியங்களை ஒலிப்பு தெரியும்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அதே வாக்கியத்தை உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது

வினையிலிருந்து பிறந்து, பொருள் முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது எச்சம். "நெய்த" என்றால் எதை, யார் என்று மனம் ஒரு பெயரைத் தேடும், அது பெயரெச்சம். "நெய்து" என்றால் அப்புறம் என்ன செய்தார் என்று ஒரு வினையைத் தேடும், அது வினையெச்சம். இவ்விரண்டின் வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் செய்வது பார்ட்டிசிப்பிள்.

பார்ட்டிசிப்பிளுக்கு இரண்டு வடிவங்கள்தான் அடிப்படை. "வீவிங்" என்பதுபோல 'இங்' சேர்ந்து வருவது ஒன்று. வினைச்சொல் அட்டவணையில் மூன்றாவது கட்டத்தில் இருக்கும் "வோவன்" இன்னொன்று. பாடப்புத்தகம் முதலாவதைப் பிரசன்ட் பார்ட்டிசிப்பிள் என்றும் இரண்டாவதைப் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்றும் அழைக்கும். அந்தப் பெயர்களில் இருக்கும் காலத்தை நம்ப வேண்டாம். இந்த நூலில் 'இங்' வடிவம், மூன்றாம் வடிவம் என்றே சொல்லப் போகிறேன்.

ஒரு சொல்லுக்கு ஆறு உறவுகள்

தமிழ்ப் பெயரெச்சம் காலத்தை வெளிப்படையாகக் காட்டும்: நெய்த, நெய்கிற, நெய்யும். ஆனால் பின்னால் வரும் பெயருக்கும் அந்த வினைக்கும் என்ன உறவு என்பதை அது காட்டாது. தொல்காப்பியமும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும், பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கின்றன. தறியை வைத்தே அந்த ஆறையும் பார்க்கலாம்.

- செய்பவர்: நெய்த நெசவாளர்
- கருவி: நெய்த தறி
- நிலம்: நெய்த ஊர்
- செயல்: நெய்த நெசவு
- காலம்: நெய்த நாள்
- செய்பொருள்: நெய்த சேலை

"நெய்த" என்ற சொல் ஆறிலும் ஒன்றே. ஊர் நெய்யாது, தறியை யாரும் நெய்யமாட்டார்கள் என்று கேட்பவருக்குத் தெரியும். அந்த அறிவை நம்பித் தமிழ் உறவைச் சொல்லாமல் விடுகிறது.

ஆங்கிலப் பார்ட்டிசிப்பிள் இதற்கு நேர்மாறு. அது காலத்தைச் சொல்லாமல் விடும். உறவைக் கண்டிப்பாகச் சொல்லும். பெயர் அந்த வேலையைச் செய்கிறது என்றால் 'இங்' வடிவம். அந்தப் பெயருக்கு வேலை செய்யப்பட்டது என்றால் மூன்றாம் வடிவம். ஆறு உறவுகளில் செய்பவர், செய்பொருள் என்ற இரண்டுக்கு மட்டுமே பார்ட்டிசிப்பிள் கைகொடுக்கும். மற்ற நான்குக்கும் வேறு சொற்கள் வேண்டும்.

- நெய்கிற நெசவாளர்: "தி வீவர் வீவிங் இட்"
- நெய்த சேலை: "தி வோவன் ஸாரி"
- நெய்த தறி: "தி லூம் ஆன் விச் இட் வாஸ் வோவன்"
- நெய்த ஊர்: "தி டவுன் வேர் இட் வாஸ் வோவன்"
- நெய்த நாள்: "தி டே இட் வாஸ் வோவன்"
- நெய்த நெசவு: "தி வர்க் ஆஃப் வீவிங் இட்"

"தி வோவன் டவுன்" என்று எழுதினால் யாரோ ஊரையே நெய்துவிட்டார்கள் என்று பொருளாகும். சேலையை "விற்ற கடை" என்று நினைத்து "தி ஸோல்ட் ஷாப்" என்று எழுதினால், கடையே கைமாறிவிட்டது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். எழுத வேண்டியது "தி ஷாப் தட் ஸோல்ட் இட்."

இந்த அத்தியாயத்தில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். எச்சத்துக்கு அடுத்து நிற்கும் பெயரைச் சுட்டி இப்படிக் கேளுங்கள்: இது செய்கிறதா, இதற்குச் செய்யப்பட்டதா, இரண்டும் இல்லையா? செய்கிறது என்றால் 'இங்'. செய்யப்பட்டது என்றால் மூன்றாம் வடிவம். இரண்டும் இல்லை என்றால் பார்ட்டிசிப்பிளை விட்டுவிட்டு "ஹூ, விச், தட், வேர், வென்" பக்கம் போங்கள்.

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் நம் பெயரெச்சத்தை 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்' என்றே அழைக்கிறார். ஆங்கிலத்தில் பார்ட்டிசிப்பிளும் "ஹூ, விச்" தொடரும் பிரித்துக்கொண்டு செய்யும் வேலையைத் தமிழில் ஒரே சொல் செய்கிறது என்பதை வெளியிலிருந்து வந்த இலக்கணக்காரர்கள் முதலிலேயே கவனித்துவிட்டார்கள். நாம் எதிர்த் திசையில் போகிறோம். ஆகவே ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் பொறுப்பு நம்முடையது.

செய்பொருளைத் தலையாக வைத்தால்

சேலையைத் தலைச்சொல்லாக வைத்து மூன்றாம் வடிவத்தைப் போட்டுவிட்டால், மீதி உறவுகள் எல்லாம் வாலில் வந்து சேர்ந்துகொள்ளும். சேர்க்கும் சின்னச் சொற்களை மட்டும் சரியாகப் போட வேண்டும்.

"எ ஸாரி வோவன் பை மை ஃபாதர் ஆன் எ பிட் லூம் இன் காஞ்சிபுரம் இன் 2019."

செய்தவருக்கு "பை". தறிக்கு "ஆன்", கையில் பிடிக்கும் கருவிக்கு "வித்". ஊருக்கும் ஆண்டுக்கும் "இன்". நன்னூல் சொல்லும் உறவுகளில் ஐந்து இந்த ஒரே தொடருக்குள் வந்துவிட்டன: சேலை, அப்பா, குழித்தறி, காஞ்சிபுரம், 2019. இப்படி ஒரு பார்ட்டிசிப்பிளும் அதன் வாலும் சேர்ந்ததுதான் பார்ட்டிசிப்பிள் தொடர். முழு வாக்கியம் எழுதும் இடமில்லாத விவரச் சீட்டில் இதைவிடப் பயனுள்ள அமைப்பு ஆங்கிலத்தில் இல்லை.

முடித்துவிட்டவரைச் சொல்வது எப்படி?

ஒரு எச்சரிக்கை. "நெய்கிற நெசவாளர்" என்பதற்கு 'இங்' சரி. ஆனால் நெய்து முடித்துவிட்ட நெசவாளரை "தி வீவர் வீவிங் திஸ் ஸாரி" என்று சொல்ல முடியாது. அவர் இன்னும் தறியில் இருக்கிறார் என்றுதான் கேட்பவர் நினைப்பார். "தி வோவன் வீவர்" என்றால் அவரையே நெய்துவிட்டதாகும். இங்கே "ஹூ" கட்டாயம்: "தி வீவர் ஹூ வோவ் திஸ் ஸாரி."

விதிவிலக்காகச் சில வினைகள் உண்டு. யாரும் செய்யாமல் தானாக நிலை மாறுவதைக் குறிக்கும் வினைகளில், செய்தது அந்தப் பெயரே ஆனாலும் மூன்றாம் வடிவம் வரும். உதிர்ந்த இலைகள் "ஃபாலன் லீவ்ஸ்". சாயம் மங்கிய சேலை "எ ஃபேடட் ஸாரி". ஓய்வுபெற்ற ஆசிரியர் "எ ரிட்டயர்ட் டீச்சர்". இவை எண்ணிக்கையில் குறைவு. கண்ணில் படும்போதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

காலம் எங்கே போயிற்று?

"தறியில் உட்கார்ந்திருக்கிற நெசவாளர்கள் என் உறவினர்கள்." "தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்." தமிழில் எச்சம் மாறிவிட்டது. ஆங்கிலத்தில் பாருங்கள்:

"தி வீவர்ஸ் சிட்டிங் அட் தி லூம்ஸ் ஆர் மை ரிலேட்டிவ்ஸ்."
"தி வீவர்ஸ் சிட்டிங் அட் தி லூம்ஸ் லுக்ட் அப்."

"சிட்டிங்" மாறவே இல்லை. காலத்தை வாக்கியத்தின் முற்றுவினை பார்த்துக்கொள்கிறது. இதே காரணத்தால் நிகழ்காலச் செய்தியில் மூன்றாம் வடிவமும் தாராளமாக வரும். காஞ்சிபுரத் தறிகளுக்குப் பட்டு நூல் பெருமளவு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருவது உங்களுக்குத் தெரியும். அதை ஒரே வாக்கியத்தில் எழுதலாம்:

"சில்க் கம்மிங் ஃப்ரம் கர்நாடகா அண்ட் ஜரி மேட் இன் சூரத் மீட் ஆன் தி லூம்ஸ் ஆஃப் காஞ்சிபுரம்."

பட்டு தானே வருகிறது, ஆகவே "கம்மிங்". ஜரிகை செய்யப்படுகிறது, ஆகவே "மேட்". இரண்டுமே இன்றைய செய்திதான்.

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டி வரும். அப்போது மூன்றாம் வடிவத்துக்கு முன்னால் சிறு சொற்களைச் சேர்க்க வேண்டும். முடிந்த சேலை "வோவன்". தறியில் இருக்கும் சேலை "பீயிங் வோவன்". இனி நெய்யவேண்டியது "டு பி வோவன்". மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் ஆர்டர் பற்றிய பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசையை அழுத்திச் சொல்ல "ஹேவிங்" உதவும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்றுவரை செரிசின் என்னும் பசை. அதைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து நீக்கிய பிறகுதான் சாயம் நன்றாகப் பிடிக்கும். இதை இப்படி எழுதலாம்: "ஹேவிங் பாய்ல்ட் தி யார்ன் இன் சோப் வாட்டர், தி டையர்ஸ் டிப் இட் இன் தி கலர்."

தொழிலுக்கு வேண்டிய மூன்றாம் வடிவங்கள்

- நெய்தல்: வீவ், வோவ், வோவன்
- நூற்றல்: ஸ்பின், ஸ்பன், ஸ்பன்
- சுற்றுதல்: வைண்ட், வௌண்ட், வௌண்ட்
- இழுத்தல், வரைதல்: ட்ரா, ட்ரூ, ட்ரான்
- சாயம் தோய்த்தல்: டை, டைட், டைட்
- விற்றல்: செல், ஸோல்ட், ஸோல்ட்
- வாங்குதல்: பை, பாட், பாட்
- உடுத்துதல்: வேர், வோர், வோர்ன்
- கிழித்தல்: டேர், டோர், டோர்ன்
- வெட்டுதல்: கட், கட், கட்

தொடக்கத்தில் பார்த்த "தி ஸாரி வோவ் பை மை ஃபாதர்" என்ற பிழை இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் குழப்பியதால் வந்தது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் அந்தக் குழப்பம் போய்விடும்.

சாயப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை எழுதுவோர் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். சாயம் தோய்ப்பதைக் குறிக்கும் "டையிங்" என்ற சொல்லில் ஒய்க்குப் பிறகு இ என்ற எழுத்து இருக்க வேண்டும்: டி, ஒய், இ, ஐ, என், ஜி. அந்த இ விடுபட்டால் ஒலிப்பு மாறாது. பொருள் 'இறந்துகொண்டிருத்தல்' என்று ஆகிவிடும்.

எங்கே வைப்பது?

தமிழில் எச்சம் எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். "ஜரிகை சேர்த்து நெய்த கரை", "வாசலில் காத்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்" என்று எத்தனை சொற்களையும் முன்னால் அடுக்கலாம். ஆங்கிலத்தில் தனிச் சொல் பெயருக்கு முன்னால் வரும். வால் சேர்ந்துவிட்டால் முழுத் தொடரும் பெயருக்குப் பின்னால் போகும்.

"எ வோவன் பார்டர்." ஆனால் "எ பார்டர் வோவன் வித் ஜரி."
"எ வெயிட்டிங் கஸ்டமர்." ஆனால் "தி கஸ்டமர் வெயிட்டிங் அட் தி டோர்."

பின்னால் போகும் தொடருக்கு முன் கமா போடுவதா வேண்டாமா என்பதும் பொருளைப் பொறுத்தது. "ஸாரீஸ் வோவன் பை தி கோர்வை மெத்தட் டேக் லாங்கர்" என்பதில் கமா இல்லை. கரையை உடலோடு பிணைக்கும் கோர்வை முறையில் நெய்யும் சேலைகளுக்கு மட்டும் அதிக நேரம் பிடிக்கும் என்று பிரித்துச் சொல்கிறோம். "திஸ் ஸாரி, வோவன் பை தி கோர்வை மெத்தட், டுக் லாங்கர்" என்பதில் இரு பக்கமும் கமா வேண்டும். எந்தச் சேலை என்பது முன்பே தெரியும், தொடர் கூடுதல் செய்தி மட்டுமே தருகிறது. தொடரை எடுத்துவிட்டாலும் எதைச் சொல்கிறோம் என்பது விளங்கினால் கமா போடுங்கள்.

வினையெச்சமும் எழுவாயும்

இனி வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் தொடர். தேர்விலும் நேர்காணலிலும் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

"பார்ன் இன் காஞ்சிபுரம் இன் 1909, அண்ணாதுரை பிகேம் சீஃப் மினிஸ்டர் இன் 1967." பிறந்தவர் யார்? கமாவுக்கு அடுத்து நிற்பவர், அண்ணாதுரை. வாக்கியம் சரி. இதையே "பார்ன் இன் காஞ்சிபுரம் இன் 1909, தி போஸ்ட் ஆஃப் சீஃப் மினிஸ்டர் கேம் டு அண்ணாதுரை இன் 1967" என்று எழுதினால் முதலமைச்சர் பதவி காஞ்சிபுரத்தில் பிறந்ததாகிவிடும். விதி ஒன்றே: முன்னால் வரும் பார்ட்டிசிப்பிள் தொடருக்கும் அடுத்து வரும் முற்றுவினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எழுவாய் கமாவை ஒட்டி நிற்க வேண்டும்.

இந்த விதி நமக்குப் புதியதில்லை. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. "அப்பா நெய்து முடித்தார்" என்பதில் நெய்தவரும் முடித்தவரும் ஒருவரே. ஆனால் தமிழ் இதில் ஒரு தளர்வையும் ஏற்கிறது. "மழை பெய்து தென்னேரி நிறைந்தது." பெய்தது மழை, நிறைந்தது ஏரி. எழுவாய்கள் இரண்டு, இருந்தும் தமிழில் பிழையில்லை. 'பெய்து' என்பது இங்கே 'பெய்ய' என்ற பொருளில் திரிந்து வந்தது என்று நம் இலக்கணம் அதற்கும் விளக்கம் வைத்திருக்கிறது.

ஆங்கிலம் இந்தத் தளர்வைத் தராது. "ரெய்னிங் ஹெவிலி, தி தென்னேரி லேக் ஃபில்ட்" என்றால் ஏரியே மழையாகப் பெய்தது என்றாகும். சரியாக எழுத மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, இரண்டு வாக்கியங்களையும் முழுமையாக எழுதி இணைப்பது: "இட் ரெய்ன்ட் ஹெவிலி, அண்ட் தி லேக் ஃபில்ட்." பேச்சுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, ஏரியையே எழுவாயாக்கி, அதற்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்பது: "ஃபில்ட் பை தி நார்த்ஈஸ்ட் மான்சூன், தி தென்னேரி லேக் வாட்டர்ஸ் தி ஃபீல்ட்ஸ் அரௌண்ட் இட்." வடகிழக்குப் பருவமழையால் நிரப்பப்பட்டது ஏரி, வயலுக்குப் பாய்வதும் அதே ஏரி. கட்டுரைக்கு ஏற்ற நடை இது.

மூன்றாவது, பார்ட்டிசிப்பிளுக்குத் தனி எழுவாயை வெளிப்படையாகக் கொடுத்துவிடுவது: "தி ரெய்ன்ஸ் ஹேவிங் ஸ்டாப்ட், தி ஃபார்மர்ஸ் வென்ட் அவுட் டு தி பண்ட்." மழை நின்றதும் உழவர்கள் ஏரிக்கரைக்குப் போனார்கள். எழுத்து நடையில் மட்டும் அளவாகப் பயன்படுத்துங்கள்.

எச்ச வரிசையை அப்படியே தூக்கிச் செல்லாதீர்கள்

"எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, தறியில் உட்கார்ந்தார்." தமிழில் இது இயல்பான வாக்கியம்; எத்தனை எச்சங்களையும் வரிசையாக அடுக்கலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் 'இங்' போட்டு "கெட்டிங் அப், பேதிங், ப்ரேயிங், ஹி சாட் அட் தி லூம்" என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ததுபோல் ஒலிக்கும். வரிசையாக நடந்தவற்றுக்கு முற்றுவினைகளே சரி: "ஹி காட் அப், பேத்ட், ப்ரேய்ட் அண்ட் சாட் அட் தி லூம்."

ஒரே நேரத்தில் இரண்டு நடந்தால் 'இங்' மிக அழகாகப் பொருந்தும். "பாடிக்கொண்டே நெய்தார்" என்பதற்கு "ஹி வோவ், சிங்கிங் டு ஹிம்செல்ஃப்." எதிர்மறை எச்சமான "தெரியாமல்" என்பதற்கு முன்னால் "நாட்" சேர்த்தால் போதும்: "நாட் நோயிங் தி பிரைஸ், ஷி வெயிட்டட்." "நிறுத்தாமல்" போன்றவற்றுக்கு "வித்தவுட் ஸ்டாப்பிங்" என்பது இன்னும் இயல்பு.

உணர்ச்சிச் சொற்கள்

"ஐ ஆம் போரிங்" என்று சொல்பவர் தனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைக்கிறார், அவர் சொன்னதற்குப் பொருள், "நான் பிறரைச் சலிப்படையச் செய்பவன்." நம் ஒரே கேள்வியை இங்கும் கேளுங்கள். உணர்ச்சியை உண்டாக்கும் பொருளுக்கு 'இங்'. உணர்ச்சியை அடையும் ஆளுக்கு மூன்றாம் வடிவம். "தி வெயிட் வாஸ் டையரிங். தி கஸ்டமர்ஸ் வேர் டையர்ட்." "தி பில் இஸ் கன்ஃப்யூசிங். ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட்." நேர்காணலில் வேலையைப் பற்றிப் பேசும்போது "ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் திஸ் வர்க்" என்பதே சரி.

'இங்' எல்லாம் பார்ட்டிசிப்பிள் இல்லை

"வீவிங் இஸ் அவர் ஃபேமிலி வர்க்" என்பதில் "வீவிங்" ஒரு தொழிற்பெயர், தமிழில் 'நெய்தல்'. "வீவிங் ஷெட்" என்பதும் அப்படியே: கொட்டகை நெய்யாது, அது நெய்தலுக்கான இடம். 'நெய்கிற' என்று மொழிபெயர்த்தால் பொருந்துவது பார்ட்டிசிப்பிள். 'நெய்தல்' என்றால் பொருந்துவது தொழிற்பெயர்.

இரண்டு மாதிரிகள்

முதலாவது, சேலைக்கான விவரச் சீட்டு. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்குபவர் எங்கே, எப்படி நெய்தது என்று கேட்பார். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, மூன்று நாடாக்களை ஓட்டி இரண்டையும் பிணைப்பதுதான் கோர்வை.

"பியூர் மல்பெரி சில்க், டைட் அண்ட் வோவன் பை ஹேண்ட் இன் காஞ்சிபுரம். பாடி அண்ட் பார்டர் வோவன் இன் டூ கலர்ஸ், ஜாய்ன்ட் பை தி கோர்வை மெத்தட் வித் த்ரீ ஷட்டில்ஸ்."

நான்கு இடங்களில் மூன்றாம் வடிவம் வருகிறது: டைட், வோவன், வோவன், ஜாய்ன்ட். முற்றுவினை ஒன்றுகூட இல்லை. சீட்டுக்கு இந்தச் சுருக்கம்தான் வேண்டும்.

இரண்டாவது, கோயில் பற்றிய விளக்கம்.

"பில்ட் பை தி பல்லவா கிங் ராஜசிம்ஹா இன் தி எர்லி எய்த் சென்ச்சுரி, தி கைலாசநாதர் டெம்பிள் இஸ் மேட் மெய்ன்லி ஆஃப் சாண்ட்ஸ்டோன். தி கிரேட் கோபுரம் ஆஃப் தி ஏகாம்பரநாதர் டெம்பிள், ரெய்ஸ்ட் பை கிருஷ்ணதேவராயா இன் 1509, இஸ் சீன் ஃப்ரம் ஃபார் அவே. கெப்ட் அண்டர் வாட்டர் இன் தி டேங்க் ஆஃப் தி வரதராஜ பெருமாள் டெம்பிள், தி இமேஜ் ஆஃப் அத்தி வரதர் இஸ் டேக்கன் அவுட் ஒன்ஸ் இன் ஃபார்ட்டி இயர்ஸ், தி லாஸ்ட் டைம் பீயிங் 2019."

ஒவ்வொரு வாக்கியத்திலும் நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கட்டப்பட்டது எது? கைலாசநாதர் கோயில், கமாவுக்கு அடுத்து அதுவே நிற்கிறது. எழுப்பப்பட்டது எது? கோபுரம், தொடர் அதன் பின்னால், இரு கமாக்களுக்கு நடுவே நிற்கிறது. நீருக்கடியில் வைக்கப்பட்டது எது? அத்தி வரதர் திருமேனி. கடைசியில் வரும் "பீயிங்" தன் எழுவாயான "தி லாஸ்ட் டைம்" என்பதைக் கூடவே கொண்டு வந்திருக்கிறது.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதும் முன் ஒவ்வொன்றிலும் எச்சத்தை அடிக்கோடிட்டு, கேள்வியைக் கேளுங்கள்.

1. சாயம் தோய்த்த நூல்
2. சாயம் தோய்த்த தொட்டி
3. சாயம் தோய்த்துக்கொண்டிருக்கும் பெண்
4. சாயம் தோய்த்த பெண்
5. தறியில் இருக்கும், இன்னும் முடியாத சேலை
6. மழை பெய்யாமல் ஏரி வற்றியது.
7. ஏரிக்கரையில் நடந்தபோது ஒரு நாரை தெரிந்தது.
8. விலை கேட்டு, யோசித்து, இரண்டு சேலை வாங்கினார்.

விடைகள்:

1. "டைட் யார்ன்." நூலுக்குச் செய்யப்பட்டது.
2. "தி டப் இன் விச் தி யார்ன் வாஸ் டைட்." தொட்டி செய்யவும் இல்லை, அதற்குச் செய்யப்படவும் இல்லை. "டைட் டப்" என்றால் தொட்டிக்கே சாயம் ஏற்றியதாகும்.
3. "தி வுமன் டையிங் தி யார்ன்." செய்துகொண்டிருக்கிறார். இ என்ற எழுத்தை மறக்காதீர்கள்.
4. "தி வுமன் ஹூ டைட் தி யார்ன்." முடித்துவிட்டவர், ஆகவே "ஹூ".
5. "தி ஸாரி பீயிங் வோவன் ஆன் தி லூம்."
6. "தி ரெய்ன்ஸ் ஹேவிங் ஃபெய்ல்ட், தி லேக் ட்ரைட் அப்." அல்லது "தி லேக் ட்ரைட் அப் பிகாஸ் இட் டிட் நாட் ரெய்ன்." எழுவாய்கள் இரண்டு.
7. "வாக்கிங் ஆன் தி பண்ட், ஐ ஸா எ ஹெரான்." நடந்தவர் 'நான்', தமிழில் மறைந்திருந்த எழுவாயை வெளியே கொண்டுவர வேண்டும். "வாக்கிங் ஆன் தி பண்ட், எ ஹெரான் வாஸ் சீன்" என்றால் நடந்தது நாரை.
8. "ஷி ஆஸ்க்ட் தி பிரைஸ், தாட் அபௌட் இட் அண்ட் பாட் டூ ஸாரீஸ்." வரிசையான செயல்கள், முற்றுவினைகளே போதும்.

இரண்டாவதும் நான்காவதும் சரியாக வந்தால் பெயரெச்சம் கைக்குள் வந்துவிட்டது. ஆறாவதும் ஏழாவதும் சரியாக வந்தால் வினையெச்சமும் வந்துவிட்டது. தவறியவர்கள் அந்தந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

தினமும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. தமிழ் நாளிதழில் ஒரு பத்திச் செய்தியை எடுத்து, அதிலுள்ள பெயரெச்சங்களை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது ஆறு உறவுகளில் எது என்று எழுதுங்கள். செய்பவர், செய்பொருள் என்று வந்தவற்றை ஆங்கிலமாக்குங்கள். பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தை மதிப்பெண்ணுக்கானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவை இவ்வளவு நுட்பமாக எண்ணி வைத்த இலக்கணம் கையில் இருப்பவருக்கு, இன்னொரு மொழியின் உறவுகளைப் பிரித்தறியும் கண் பாதி திறந்தே இருக்கிறது.

கருவி, நிலம், காலம், செயல் என்று வந்தவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். "ஹூ, விச், தட், வேர், வென்" தொடர்களைப் பேசும் அடுத்த அத்தியாயத்துக்கு அந்தப் பட்டியல்தான் பயிற்சி நோட்டு.